அந்த மூன்றாவது கண்டம்

மக்களே,

சுகம்தானே? இங்கே எல்லாரும் சுகம். நேரத்துக்குச் சாப்பிடு. வாட்ஸப்பில் என்ன கேட்டாலும் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய், அதனால்தான் கடிதம்.

போன வருடம் நீ அனுப்பிய உன் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். 'கரப்பான்பூச்சியின் தலை ஆறு கண்டங்கள், அதாவது ஆறு உடல் துண்டுகள், இணைந்து உருவானது.' இதை ஒரு மார்க் கேள்வியாகவே நடத்தி ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்த ஆறை எப்படி எண்ணினார்கள் என்று கேட்ட பிள்ளை நீ ஒருவன்தான். எதிர்வீட்டு டீச்சரிடம் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று இறால் உரிக்கும்போது ஒன்றைக் கழுவித் தட்டில் வைத்துப் பார்த்தேன். முன்னால் இரண்டு ஜோடி உணர்கொம்பு. முதல் ஜோடி குட்டை, ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளந்தது. அடுத்தது உடம்பை விட நீளம். கரப்பானுக்கு முதல் ஜோடி மட்டும்தான். கண் இருப்பது முதல் கண்டம், குட்டைக் கொம்பு இரண்டாவது. இறாலின் நீளக் கொம்பு முளைக்கிற மூன்றாவது கண்டம் கரப்பான் கருவிலும் இருக்கிறது, ஆனால் அதில் ஒன்றும் முளைப்பதில்லை என்று நீ எழுதியிருந்தாய். சிலந்திக்கு உணர்கொம்புக் கண்டமே தொலைந்துபோனது என்றுதான் நாங்கள் படித்தோம். 1998இல் சிலந்திக் கருவில், எந்தக் கண்டத்தில் எது முளைக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற ஹாக்ஸ் ஜீன்கள் எங்கெங்கே வேலை செய்கின்றன என்று பார்த்தபோதுதான், விஷப்பல் தாங்கும் உறுப்பே கரப்பானின் உணர்கொம்புக்குச் சமம் என்று தெரிந்ததாம். குட்டைக் கால்களோடு ஊர்கிற வெல்வெட் புழு இன்னும் மோசம். அதன் கொம்பு கண் இருக்கிற முதல் கண்டத்தைச் சேர்ந்தது, கொம்பு இருக்க வேண்டிய இரண்டாவதில் தாடை. இதை நீ எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறாய், தெரியுமா? இப்படி எழுதத் தெரிந்தவன் இரண்டாவது அத்தியாயத்தை ஏன் அனுப்பவில்லை?

அவசரப்படுத்துகிறேன் என்று நினைக்காதே. அந்த வெல்வெட் புழுவின் சொந்தம், கனடாவின் பர்ஜெஸ் ஷேல் பாறையில் புதைபடிவமாகக் கிடைத்த ஹாலுசிஜீனியா என்ற பிராணி, 50 கோடி வருடப் பழசு. 1977இல் கான்வே மோரிஸ் என்ற ஆய்வாளர் அதன் முதுகு முள்ளைக் கால் என்று நினைத்துத் தலைகீழாக நிறுத்திவிட்டார். 1991இல் திருப்பிப் போட்டார்கள். தலை எந்தப் பக்கம் என்பது 2015இல்தான் தீர்ந்தது. தலை என்று நினைத்த கறுப்பு உருண்டை, உடம்பிலிருந்து பிதுங்கிய திரவமாம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் மறுநுனியில் இரண்டு கண். 38 வருடம்! அதற்காக நீயும் 38 வருடம் எடுத்துக்கொள்ளாதே. தெரிந்த அளவுக்கு அவர்கள் எழுதி வெளியிட்டார்கள் அல்லவா?

செல்வியின் மகன் உன்னை டொராண்டோவில் ஏதோ கடையில் பார்த்தானாம். பகல் வேளையில், கடைச் சீருடையில். வேறு யாராவது இருக்கும் என்று சொல்லிவிட்டேன். அப்பா காதுக்குப் போகவில்லை. எந்த வேலையும் கேவலம் இல்லை. ஆனால் நான் மற்றவர் வாயால் கேட்கும்படி வைக்காதே. சாப்பாட்டை விடாதே, குளிரில் வெறும் காபியைக் குடித்துக்கொண்டு கிடக்காதே.

அப்புறம், லேப்ரம் விஷயம். கரப்பானின் மேலுதடு முதல் கண்டத்தின் காலிலிருந்து வந்ததா, இல்லையா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள், பிறகு சொல்கிறேன் என்றாய். சொல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. அப்பா கோயிலுக்குப் போனால் பத்து மணி வரை வரமாட்டார்.

அம்மா