எழுத்தட்டைகளை உலர்த்தித் தந்த துப்புரவு ஆண்டிக்கும் உங்கள் எல்லாருக்கும் நன்றி

அன்புள்ள பெற்றோர்களே, தாத்தா பாட்டிகளே, உடன் பணியாற்றும் ஆசிரியர்களே,

வணக்கம். தொடக்கநிலை ஒன்று பிள்ளைகளின் தமிழ் நடவடிக்கை வாரம் நேற்று முடிந்தது. கிடங்கறையில் நம் தமிழ்ப் பாடப் பெட்டிகள் நனைந்துபோனதைத் திரும்பச் சொல்லவேண்டியதில்லை. நனைந்த பெட்டிகளின் படத்தைப் பார்த்ததும் அன்றிரவே என்னை அழைத்தவர்கள் நீங்கள். வாரத்தையே தள்ளிவைத்துவிடலாமா என்று அப்போது உங்களில் சிலரிடம் கேட்டேன். தள்ளிவைக்கவில்லை, நடத்திவிட்டோம். அந்த நிம்மதி ஆறுவதற்குள் எழுதிவிடவேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பிள்ளைகள் ‘ஆண்டி’ (auntie) என்று அழைக்கும் நம் பள்ளியின் துப்புரவுப் பணியாளரைப் பலர் பார்த்திருப்பீர்கள். காலையில் பிள்ளைகளை விடவரும்போது வாயிற்படியைத் துடைத்துக்கொண்டிருப்பார். சீனர். தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் நனைந்தவற்றுள் எது எனக்கு உயிர் என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

அது என் எழுத்தட்டைப் பெட்டி. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆக 247 அட்டைகள். க வரிசை, ச வரிசை என்று ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியே ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தேன். சனிக்கிழமை தம் வேலை முடிந்தபின் ஆண்டி அந்தப் பெட்டியை மேலே கொண்டுபோய், மின்விசிறிக்குக் கீழே பழைய சீன நாளிதழ்களை விரித்து, ஒவ்வோர் அட்டையாகப் பரப்பி உலர்த்தியிருக்கிறார். யாரும் கேட்கவில்லை. உலர்த்தியதுகூடப் பெரிதில்லை. தமக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகளின் வரிசை மாறிவிடக்கூடாது என்று, ஒவ்வொரு கட்டையும் பிரிக்கும்போது கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, காய்ந்தபின் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப அடுக்கியிருக்கிறார். திங்கள் காலை பெட்டியைத் திறந்து கி, கீ, கு, கூ என்று விரலால் தள்ளிக்கொண்டே போனேன். ஓர் அட்டைகூட இடம் மாறவில்லை.

புதன்கிழமை அவரை வகுப்புக்குள் அழைத்தேன். கூச்சப்பட்டுக் கதவோரமாகவே நின்றார். பிறகு தரையில் பரப்பியிருந்த இரண்டு அட்டைகளைக் காட்டி, இவை இரண்டும் ஒன்றா, வேறா, அடுக்கும்போது இதில்தான் திணறினேன் என்றார். அவை ணகரமும் னகரமும். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு சிறுமி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாள். “இதுக்கு மூணு சுழி, அதுக்கு ரெண்டு சுழி, எண்ணிப் பாருங்க ஆண்டி!” பாதி ஆங்கிலம், பாதி தமிழ். ஆண்டி அட்டைமேல் விரல் வைத்து எண்ணினார். அவ்வளவுதான், மற்ற பிள்ளைகளும் ஆளுக்கோர் எழுத்தைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினார்கள்.

ஆறு ஏழு வயதில் கற்றுக்கொடுப்பதற்கு ஒருவர் கிடைத்தால் பிள்ளைகள் எப்படி நிமிர்ந்து உட்காருகிறார்கள்! 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் உள்ள இந்தியர்களில் பாதிப் பேருக்கு மேல் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம்தான். நம் வகுப்பிலும் தமிழில் பதில் சொல்லத் தயங்கும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் அன்று தயங்கவில்லை. 2019 முதல் தொடக்கநிலை ஒன்றுக்கும் இரண்டுக்கும் மதிப்பெண் தேர்வு கிடையாது. பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதை இப்படிப்பட்ட பொழுதுகளில்தான் ஆசிரியர் கண்டுகொள்ளவேண்டும். அன்று நான் நிறையக் கண்டுகொண்டேன்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், மனம் கோணாதீர்கள். விரலால் எழுதிப் பழக அரிசியும் தட்டுகளும் கொண்டுவந்த பெற்றோர்கள், வேலைக்கு விடுப்பு எடுத்து வந்து கதை சொன்ன பாட்டி, சந்தை விளையாட்டுக்குத் தேக்கா சந்தையிலிருந்து முருங்கைக்காயும் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் சுமந்துவந்த அப்பாக்கள், தங்கள் அறையை வாரம் முழுவதும் விட்டுக்கொடுத்த மலாய், சீனமொழி ஆசிரியர்கள், ஐந்து காசு, பத்துக் காசு நாணயங்களைச் சேர்த்து அனுப்பிய எல்லாரும். பத்துக் காசுக்கு எத்தனை வெண்டைக்காய் என்று உங்கள் பிள்ளைகள் பேரம் பேசியதைக் கேட்டிருக்கவேண்டும்!

ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். அடுத்த ஆண்டு இந்த வாரத்தின் முதல் நாளே, துப்புரவுப் பணியாளர்கள், உணவகக்காரர்கள், காவலாளி எல்லாரையும் வகுப்புக்கு அழைப்பேன். ஆளுக்கு ஒரு பிள்ளை, தன் பெயரைத் தமிழில் எழுதிக்காட்டி, அவர்கள் பெயரையும் தமிழில் எழுதித் தரவேண்டும்.

எழுத்தட்டைப் பெட்டி இப்போது இரண்டாம் மாடியில், மேல் அலமாரியில் இருக்கிறது. வேறு பள்ளியின் தமிழாசிரியர் யாருக்காவது தேவைப்பட்டால் கேளுங்கள், இரவல் தருகிறேன்.

மிக்க நன்றியுடன்,
தொடக்கநிலை ஒன்று தமிழாசிரியை