பிரச்சாரம் எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆலைத் தொழிலாளர் வாழ்க்கையைச் சொல்லும் படங்களில் அரசியல் பிரச்சாரம் மலிந்துவிட்டதாகச் சென்ற இதழ்க் கட்டுரை குறைபட்டுக்கொள்கிறது. செங்கொடி தெரிந்தால் மட்டும்தான் பிரச்சாரமா?

சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் 'வேலைநிறுத்தம்' (1925) பிரச்சாரப் படம்தான். அதை அவர் ஒளிக்கவில்லை. லெனின் வாசகத்தோடுதான் படமே தொடங்குகிறது. முதலாளிகள் தொப்பையும் சுருட்டுமாகக் கேலிச்சித்திரம் போல வருவார்கள். எனக்கும் அது சலிப்புதான். ஆனால் அதில் போராட்டம் எதனால் வெடிக்கிறது? நுண்ணிய அளவு பார்க்கும் கருவியான மைக்ரோமீட்டர் ஒன்று காணாமல் போகிறது. அதைச் சொல்லப்போன தொழிலாளி மேலேயே திருட்டுப் பழி விழுகிறது. அவமானம் தாங்காமல் ஆலைக்குள்ளேயே தூக்கில் தொங்குகிறான். கையெழுத்துப் போட்டு வாங்கிய கருவி கணக்கில் குறைந்தால் வயிற்றைக் கலக்குவது ஒர்க்‌ஷாப்பில் இருந்தவனுக்குத் தெரியும். படம் எடுத்தவருக்கும் தெரிந்திருக்கிறது.

நம்மூரில் எம்.ஜி.ஆர். படங்களில் உதயசூரியன் எப்படியாவது தலைகாட்டும், கொட்டகை அதிரும். அது கட்சி விளம்பரம் என்பது டிக்கெட் கிழிப்பவருக்கும் தெரியும். ஆகவே அதில் ஏமாற்று இல்லை. 'மன்னன்' (1992) அப்படியா? கதாநாயகன் தொழிற்சங்கத் தலைவர், முதலாளி ஒரு பெண். ஆலைத் தகராறு புருஷன் பெண்டாட்டிச் சண்டையாகிவிடுகிறது. அந்தம்மாள் இல்லத்தரசியானதும் சுபம். இதை நாம் பொழுதுபோக்கு என்று கைதட்டிவிட்டு வந்தோம்.

பஞ்சாலையில் கோரிக்கை வைத்தால் என்ன நடக்கும்? கேட் மீட்டிங், சந்தா வசூல், லேபர் ஆபீசில் வாய்தாவுக்கு மேல் வாய்தா. கடைசியில் லேபர் ஆபீசர் முன்னிலையில் ஒரு சமரச ஒப்பந்தம் வந்தால் பெரிது. அதிலும் நிரந்தரமில்லாத பதிலிக்காரர்களை விட்டிருப்பார்கள். அவர்களுக்காக மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். திரையில் இதற்கெல்லாம் நேரமில்லை. கதாநாயகன் மேசையைத் தட்டினால் போனஸ் வந்துவிடும். நீங்கள் ஒன்றுசேர வேண்டாம், பேச வேண்டாம், ஒருத்தர் வந்து எல்லாம் பார்த்துக்கொள்வார் என்பதைவிடப் பெரிய பிரச்சாரம் எது? அப்படித் திரையில் வந்தவர்களில் சிலர் பிறகு நம்மிடமே ஓட்டுக் கேட்டு வந்ததையும் பார்த்தாயிற்று.

கதைக்குப் பஞ்சமில்லை. சின்னியம்பாளையம் ஆலைத் தொழிலாளர்கள் நால்வர் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அவ்வளவு பின்னால் போகவும் வேண்டாம். மூன்று வருடம் விடுதியில் அடைபட்டு வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று சொல்லி நூற்பாலைகளுக்குக் கூட்டி வரப்பட்ட 'சுமங்கலித் திட்ட'ப் பெண்கள் இருக்கிறார்கள். எந்தப் பெரிய நடிகரும் அதைத் தொட்டு நான் பார்க்கவில்லை. அவர் நடிக்க அதில் வேடம் இல்லையே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஞ்சாலைத் தொழிலாளி,
சிங்காநல்லூர், கோவை.