செயலாளரின் ஆண்டறிக்கை: பள்ளி நலத் திட்டங்களை மதிப்பிட்ட பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சந்தா, வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் தனியே படிப்பார். இவ்வாண்டு சங்கத்தின் உழைப்பில் பெரும்பங்கு ஒரே பணிக்குப் போயிற்று. வாராந்திர இரும்புச்சத்து மாத்திரை, குடற்புழு நீக்கம், கண் பரிசோதனை ஆகிய மூன்றும் நம் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளைச் சரியாகச் சென்றடைகின்றனவா என்று பார்த்தோம்.

பதிவேட்டில் டிக் இருப்பதால் மட்டும் மாத்திரை வயிற்றுக்குள் போனதாகிவிடாது. எனவே முதலில் இருப்புக் கணக்கை எடுத்தோம். தொடக்க இருப்போடு வரவைக் கூட்டி, இன்றைய இருப்பைக் கழித்தால் செலவான மாத்திரை தெரியும். டிக் அதைவிடக் கூடுதலாக இருந்தால் பல வாரக் கட்டங்களை ஒரே நாளில் நிரப்பியிருக்கக்கூடும். மாத்திரை கூடுதலாகச் செலவாகியிருந்தால், விடுமுறைக்காக வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்களா என்று கேட்க வேண்டும்.

சதவீதத்தில்தான் பெரிய பிழை நுழைகிறது. சேர்க்கை 40, அன்றைய வருகை 34, மாத்திரை பெற்றோர் 34 என்று வைத்துக்கொள்வோம். வருகையால் வகுத்தால் நூறு சதவீதம். சேர்க்கையால் வகுத்தால் 85. அடிக்கடி விடுப்பு எடுக்கும் பிள்ளைதான் பெரும்பாலும் நோயாளிப் பிள்ளை. அந்த ஆறு பேரை மறைக்கும் கணக்கை நம் சங்கம் ஏற்கவில்லை.

அடுத்தது கொடுக்கும் முறை. 1 முதல் 5ஆம் வகுப்பு வரை ரோஸ் நிற மாத்திரை. இரும்புச்சத்து 45 மி.கி., ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம். 6ஆம் வகுப்பு முதல் நீல மாத்திரை, 60 மி.கி., 500 மைக்ரோகிராம். நடுநிலைப்பள்ளியில் இரண்டும் ஒரே பீரோவில் இருப்பதால் கைமாற வாய்ப்புண்டு. தனித்தனி டப்பா வேண்டும். சத்துணவு முடிந்த பிறகே கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டலும் வயிற்றுவலியும் வரும். ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் போதும், அடுத்த வாரம் வகுப்பே மறுக்கும். மலம் கறுத்துப் போகும், பயப்பட ஒன்றுமில்லை என்பதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆசிரியர் கண்ணெதிரில் தண்ணீரோடு விழுங்கச் செய்ய வேண்டும். சன்னலுக்கு வெளியே கிடக்கும் நீல மாத்திரையையும் மதிப்பீட்டுத் தாளில் குறிக்கச் சொல்லியிருக்கிறோம்.

குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் 400 மி.கி. மாத்திரையை மென்று தின்ன வேண்டும். அன்று உடல்நலமில்லாத பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. விடுபட்டவர்களுக்கென்றே தனி நாள் ஒதுக்கப்படுகிறது. அந்த நாளின் பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள்.

கண் பரிசோதனையில் தூரம்தான் சிக்கல். 6 மீட்டர் தள்ளி நின்று படிக்க வேண்டிய எழுத்து அட்டையைச் சின்ன அறையில் 4 மீட்டரில் மாட்டினால், குறையுள்ள பிள்ளையும் படித்துவிடும். டேப்பால் அளந்து தரையில் கோடு போட வேண்டும். ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது மேல்சிகிச்சைக்கு அனுப்பும் பரிந்துரைச் சீட்டு. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் குழு குறையைக் கண்டுபிடித்துச் சீட்டு எழுதிவிடுகிறது. அந்தச் சிகிச்சைக்கான மாவட்ட மையத்துக்குப் போக அம்மா ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். பேருந்துச் செலவும் உண்டு. சீட்டு புத்தகப் பையிலேயே கசங்கிவிடுகிறது. எத்தனை பேரைப் பரிசோதித்தார்கள் என்பதோடு, எத்தனை பேர் சிகிச்சை பெற்றுத் திரும்பினார்கள், எத்தனை பேர் கண்ணாடி போட்டிருக்கிறார்கள் என்பதையும் எண்ண வேண்டும்.

வரும் ஆண்டில் பரிந்துரை பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் உறுப்பினர் பொறுப்பேற்று மையம்வரை துணைபோகவும், பயணச் செலவைச் சங்க நிதியிலிருந்து கொடுக்கவும் செயற்குழு முன்மொழிகிறது. இவ்வறிக்கையையும் அந்த முன்மொழிவையும் ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்