அந்த எட்டு விருதுகள்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளி அணியில் கோல்கீப்பராகச் சேர்ந்திருக்கிறாள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. எனக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. காலையில் சிறிது தூரம் நடக்கிறேன். ஆனால், 2021ஆம் ஆண்டு சர்வதேச ஹாக்கிக் கூட்டமைப்பு வழங்கிய எட்டு விருதுகளும் நம்மவர்களுக்குத் தகுதியால் மட்டுமே வந்தவை என்று நீ எழுதியிருப்பதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை.

சிறந்த ஆட்டக்காரர், சிறந்த கோல்கீப்பர், வளரும் நட்சத்திரம், பயிற்சியாளர் என ஆண்கள் பிரிவில் நான்கு, பெண்கள் பிரிவில் நான்கு. எட்டும் இந்தியாவுக்கே வந்தன. அந்த ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் ஆண்கள் வென்றது வெண்கலம். பெண்கள் பெற்றது நான்காம் இடம். 1980இல் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் தங்கம் வென்ற பிறகு 41 ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த பதக்கம் என்பதால் நாம் இருவருமே அழுதோம், அதை மறுக்கவில்லை. ஆனால் ஆண்கள் தங்கம் வென்ற பெல்ஜியத்துக்கும் பெண்கள் தங்கம் வென்ற நெதர்லாந்துக்கும் ஒரு விருதுகூட இல்லை என்பது எப்படி நியாயமாகும்? வாக்குகளில் பாதி எடை தேசிய சங்கங்களுக்கும், கால் பங்கு ஊடகத்துக்கும், மீதிக் கால் பங்கு ரசிகர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் தரப்பட்டிருந்தது. ரசிகர் கூட்டம் என்று வந்தால் பெல்ஜியம் நம்மோடு எப்படிப் போட்டி போடும்? வாக்களிப்பு முறையே தோற்றுவிட்டது என்று அந்நாட்டு ஹாக்கி சங்கம் வருந்தியபோது, நான் அவர்கள் பக்கம்தான் நின்றேன்.

பெல்ஜியத்தின் அலெக்சாண்டர் ஹென்ட்ரிக்ஸை எடுத்துக்கொள். டோக்கியோவில் அவர் அடித்தவை 14 கோல்கள். சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற நம் ஹர்மன்ப்ரீத் சிங் அடித்தவை 6. ஹர்மன்ப்ரீத் தற்காப்பு ஆட்டக்காரர், கோல் கணக்கை வைத்து அவரை அளக்கக் கூடாது என்று நீ சொல்லக்கூடும். ஹென்ட்ரிக்ஸும் தற்காப்பில் நின்று, பெனால்டி கார்னர் என்ற தண்டனை வாய்ப்பில் டிராக் ஃபிளிக் அடிப்பவர்தான், அதாவது பந்தை மட்டையால் இழுத்துச் சுண்டி கோலுக்குள் அனுப்புபவர்தான். இருவரும் எதிரெதிரே நின்ற அரையிறுதியில் 5-2 என்று நாம் தோற்றோம். அந்த ஐந்தில் மூன்று ஹென்ட்ரிக்ஸுடையவை. அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருது அவருக்கே போயிருக்க வேண்டும்.

சிறந்த கோல்கீப்பர் விருது பெற்ற நம் ஸ்ரீஜேஷ் விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜெர்மனிக்கு எதிராக 5-4 என்று முன்னிலையில் இருந்தபோது, ஆட்டம் முடிய ஆறேழு வினாடிகள் இருக்கையில் வந்த பெனால்டி கார்னரை அவர் தடுத்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எனினும் இறுதிப் போட்டியின் ஷூட்-அவுட்டில், அதாவது சமநிலையை முறிக்க ஆட்டக்காரர் ஒவ்வொருவராக கோல்கீப்பரை எதிர்கொள்ளும் சுற்றில், 3-2 என்று பெல்ஜியத்துக்குத் தங்கத்தைக் காத்துத் தந்த அவர்களுடைய கோல்கீப்பர் வின்சென்ட் வனாஷை ஓரங்கட்ட என் மனம் ஒப்பவில்லை.

பெண்கள் பிரிவில் சிறந்த கோல்கீப்பர் விருது சவிதா பூனியாவுக்குக் கிடைத்ததில் மட்டும் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. காலிறுதியில் குர்ஜித் கவுர் அடித்த ஒற்றை கோலுக்குப் பிறகு ஆஸ்திரேலியா அலையலையாக வந்து மோதியபோது, அவர் ஒவ்வொரு தடுப்புக்குப் பின்னும் உடனே எழுந்து, கையை நீட்டித் தற்காப்பு வரிசையைச் சரிசெய்துகொண்டே இருந்தார். பிரம்பு வைத்த பழைய கால் கவசத்தைக் கட்டிக்கொண்டு கோல்கீப்பராக நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: விழுந்தபின் அவ்வளவு விரைவாக எழுவதுதான் இந்த வேலையிலேயே கடினமானது. நான்காம் இடம் பெற்ற அணியில் இருந்ததால் அவருடைய ஆட்டம் குறைந்துவிடாது.

என் ஆற்றாமை வேறொன்று. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஹர்மன்ப்ரீத் 10 கோல்கள் அடித்து எல்லோரையும் விட முன்னே நின்றார். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஸ்பெயினை வென்ற இரண்டு கோல்களும் அவருடையவை. அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது முழுக்க முழுக்க அவர் உழைப்புக்கு வந்தது. ஆனால் 2021ஐ நினைத்து, இதுவும் ரசிகர் வாக்கால் வந்ததுதானே என்று யாராவது சொல்லும்போது நம்மால் உரக்க மறுக்க முடியவில்லை. அது அவருக்கு நேர்ந்த அநீதி.

தீபாவளிக்கு வரும்போது பேத்தியையும் அழைத்து வா. அந்த ஆஸ்திரேலியா ஆட்டத்தின் பதிவை நிறுத்தி நிறுத்திப் போட்டு, சவிதா எழுவதை அவளுக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
ராஜாமணி