சாப்பிட்டுவிட்டுப் போட்டாலும் புண் வரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வலி மாத்திரைகளைப் பற்றி எழுதும்போது 'சாப்பிட்ட பின் போடவும்' என்ற ஒரே வரியோடு உடல்நலப் பக்கங்கள் நின்றுவிடக் கூடாது. சாப்பாடு வயிற்று எரிச்சலை ஓரளவு குறைக்கும், அவ்வளவுதான். இரைப்பைப் புண்ணை, அதாவது அல்சரைத் தடுக்காது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், நாப்ராக்சென் போன்ற வலி மருந்துகள் செய்யும் கேட்டில் பெரும்பகுதி ரத்தத்தின் வழியாகவே இரைப்பைக்கு வருகிறது. ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் புண் வருவது அதனால்தான்.

இரைப்பை அமிலம் இரைப்பையையே அரித்துவிடாமல் காப்பவை மூன்று: மேலே படிந்திருக்கும் சளிப்படலம், அதில் சேர்ந்து அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட், சுவருக்குள் தடையின்றி ஓடும் ரத்தம். மூன்றையும் பேணுவது உடலே உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். அதை இரைப்பையில் உண்டாக்கும் நொதி காக்ஸ்-1. வீங்கிய மூட்டில் வலியைக் கூட்டுவது பெரும்பாலும் காக்ஸ்-2 என்ற இன்னொரு நொதி. வழக்கமான வலி மாத்திரைகள் இரண்டையும் சேர்த்தே முடக்குகின்றன. மூட்டு வலி தணியும் நேரத்திலேயே இரைப்பையின் பாதுகாப்பும் தளர்ந்துவிடுகிறது. ஆஸ்பிரின் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தினம் 75 மில்லிகிராம் எடுத்தாலே, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அவற்றின் ஆயுளான 7 முதல் 10 நாள்வரை செயலிழந்து போகும். புண்ணிலிருந்து கசியும் ரத்தம் எளிதில் உறையாது. ஆனாலும் இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

65 வயதைக் கடந்தவர்கள், முன்பு அல்சர் வந்தவர்கள், ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி உள்ளவர்கள், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினோ ஸ்டீராய்டோ எடுப்பவர்கள் கூடுதல் ஆபத்தில் இருக்கிறார்கள். பெயர் வேறாக இருப்பதால் ஒரே வகை மாத்திரை இரண்டைச் சேர்த்துப் போடுபவர்களும் அப்படித்தான். அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படித்தாலே இதைத் தவிர்க்கலாம்.

எரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் திரவம் அறிகுறியை மறைக்குமே தவிர, புண்ணைத் தடுக்காது. வலி மாத்திரையைத் தொடர்ந்து எடுத்தே ஆக வேண்டியவர்கள் மருத்துவரைக் கேட்டு, அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஓமிப்ரசோலைத் தினமும் 20 மில்லிகிராம் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு எடுக்கலாம். காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் முதலில் பாராசிட்டமாலே போதும். அது இரைப்பையை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆனால் பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்சவரம்பு. மீறினால் கல்லீரல் கெடும். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் தொடர்ந்து மது அருந்துபவர்களுக்கும் அந்த அளவே அதிகம்.

வலி மாத்திரையால் வரும் புண் பல நேரம் வலிப்பதே இல்லை. ரத்தக்கசிவே முதல் அறிகுறியாகிவிடும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ரத்தம் கலந்த மலமோ தார்போல் பிசுபிசுத்து, கடும் நாற்றம் வீசும். அப்படிப் போனாலோ, காப்பித்தூள் போல வாந்தி வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய், எந்த மாத்திரையை எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இரைப்பை, குடல் நோய் மருத்துவர் ஒருவர்