ஆண்டறிக்கை 2024–25: திருவந்திபுரமும் பாலே வரலாறும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பேரவைக்கு வந்திருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நம் ஊர் வரலாற்று மன்றம் ஆற்றிய பணிகளின் அறிக்கையைப் பேரவை முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடைபெற்றன. டிசம்பர் வெள்ளத்தை ஒட்டி அம்மாதக் கூட்டம் மட்டும் தள்ளிவைக்கப்பட்டது. இவ்வாண்டுக் கூட்டங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. 1838ஆம் ஆண்டில் நம் ஊரிலிருந்து பிரான்சுக்குச் சென்ற தேவதாசியர் ஐவரையும் அவர்களுடன் சென்ற இசைக்காரர் மூவரையும் நினைவுகூரும் பலகை ஒன்றை வைப்பதெனச் சென்ற பேரவையில் முடிவு செய்திருந்தோம். பலகைக்கு இடம் பார்ப்பதைவிட அதில் எழுதும் வாசகத்தை முடிவு செய்வதே கடினமாகிவிட்டது. “உலகப் புகழ்பெற்ற ‘லா பயதேர்’ பாலே பிறந்த ஊர்” என்று எழுதவேண்டுமென உறுப்பினர் சிலர் வற்புறுத்தினர். பாலே என்பது ஐரோப்பிய நடன நாடகம்; ‘பயதேர்’ என்பது இந்தியக் கோயில் ஆடற்பெண்ணைப் பிரெஞ்சுக்காரர் அழைத்த பெயர். செயற்குழு அதை ஏற்கவில்லை. அதன் காரணங்களைப் பேரவை அறிதல் நலம்.

அக்குழுவைத் தார்திவேல் என்னும் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் ஒப்பந்தம் செய்து கப்பலேற்றினார். மூத்தவர் திலம்மாள்; புகழ்பெற்றவர் 18 வயது அம்மணி; இளையவள் 6 வயதுச் சிறுமி. இச்சிறுமி உள்ளிட்ட மற்ற மூவரின் பெயர்களைப் பிரெஞ்சு ஏடுகள் தம் காதுக்கு எட்டியவாறு அச்சிட்டிருப்பதால், அவற்றை ரங்கம், சௌந்தரம், வேதம் என்று நாம் ஊகித்துத்தான் படிக்க வேண்டியுள்ளது. ஆண்களின் பெயர்கள் ராமலிங்கம், சரவணன், தேவநாயகம். தேவநாயகம் என்பது மலையடிவாரத்தில் கோயில் கொண்டிருக்கும் நம் பெருமாளின் திருநாமம் என்பதால், அப்பெயரைக் கூட்டத்தில் வாசித்தபோது மூத்த உறுப்பினர்கள் மீண்டும் ஒருமுறை வாசிக்கச் சொன்னார்கள்.

பாரிசில் அரசர் லூயி பிலிப் முன்பாகவும், ஆகஸ்டு மாதத்தில் வரியெத்தே அரங்கிலும், அக்டோபரில் லண்டன் அடெல்ஃபி அரங்கிலும் இவர்கள் ஆடினர். ‘விஷ்ணுவுக்கு ஆடை அணிவித்தல்’, ‘ராஜாவுக்கு வணக்கம்’ என்னும் பொருளில் தலைப்பிட்ட உருப்படிகள் நிகழ்ச்சி நிரலில் இருந்தன. கவிஞரும் கலை விமரிசகருமான தெயோஃபில் கோத்தியே, அரங்கேற்றத்துக்கு முன்பே அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்குச் சென்று பார்த்து, ‘லா பிரெஸ்’ நாளேட்டில் விரிவாக எழுதினார். சிற்பி ழான் ஒகுஸ்த் பார் அம்மணியின் ஆடும் நிலையை அதே ஆண்டில் சிறு வெண்கலச் சிலையாக வார்த்தார்.

இவர்கள் செல்வதற்கு முன்பே பாரிசு மேடையில் ஒரு ‘பயதேர்’ இருந்தாள் என்பதை இங்கே மறந்துவிடலாகாது. 1830இல் அரங்கேறிய ‘இறைவனும் பயதேரும்’ என்ற படைப்பில் மரி தாக்லியோனி அவ்வேடம் ஏற்றிருந்தார். ஆகவே ஐரோப்பியர் தாம் முன்பே கற்பனை செய்து வைத்திருந்த பெண்ணைத்தான் அம்மணியிடம் தேடினர். அவர்கள் கண்டதோ வெறுங்காலில் சலங்கை கட்டி, தாளத்துக்கு அழுந்தத் தட்டி ஆடும் வேறொரு கலையை.

உறுதியாகச் சொல்லத்தக்க தொடர்பு கோத்தியே வழியாக வருவதே. மூன்று ஆண்டுகள் கழித்து, 1841இல், ‘ழிசெல்’ பாலேயின் கதையை அவர் வேறொருவருடன் சேர்ந்து எழுதினார். அதன் இரண்டாம் அங்கத்தில் நிலவொளியில் ஆடும் ஆவிப் பெண்களுள் ஒருத்தியைப் பயதேராகவே அவர் எண்ணியிருந்தார். அவளுக்கு இட்ட பெயர் சுல்மே. இன்றும் அந்தப் பாலேயில் அப்பெயரோடு ஒருத்தி ஆடுகிறாள். ஆனால் இந்தியச் சாயல் எதுவும் அவளிடம் எஞ்சவில்லை. 1858இல் காளிதாசரின் சாகுந்தலத்தைக் கோத்தியே பாரிசு ஓப்பராவுக்காகப் பாலேயாக்கினார். நடனம் அமைத்தவர், ‘ழிசெல்’ முதல் நிகழ்ச்சியில் நாயகனாக ஆடிய லூசியன் பெத்திபா. அவருடைய தம்பி மரியுஸ் பெத்திபாவே 1877இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், மின்குஸ் இசையில், ‘லா பயதேர்’ படைத்தவர்.

அண்ணன் தம்பி உறவைக் கொண்டு அந்த நாடகம் நம் ஊரில் பிறந்தது என்று எழுதுவது மிகைப்பாடு. அதன் களம் கோல்கொண்டா. நாயகி நிக்கியா விரல்நுனியில் நின்று ஆடுகிறாள். நம் அடவு ஒன்றுகூட அதில் இல்லை. மரியுஸ் நம் ஊர்ப் பெண்களின் ஆட்டத்தை நேரில் கண்டார் என்பதற்கும் நம்மிடம் சான்று கிடையாது. ஐரோப்பா எடுத்துக்கொண்டது கோயிற் பெண் என்ற உருவத்தை மட்டுமே, ஆட்டத்தை அன்று. ஆயினும் அந்த உருவத்துக்கு உயிருள்ள முகம் ஒன்றை முதன்முதலாகக் கோத்தியேவுக்குக் காட்டியவர்கள் நம் ஊரார் என்பதே போதிய பெருமை என்று செயற்குழு கருதுகிறது. “1838இல் இவ்வூரிலிருந்து பாரிசுக்கும் லண்டனுக்கும் சென்று ஆடிய கலைஞர் எண்மர் நினைவாக” என்ற வாசகமும் எட்டுப் பெயர்களுமே பலகைக்கு ஏற்கப்பட்டுள்ளன.

அக்குடும்பங்களின் வழிவந்தோரை வீடு வீடாக விசாரித்துக் கண்டறியலாம் என்றொரு யோசனையும் வந்தது. தேவதாசி முறை 1947இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பிறகு, பல குடும்பங்கள் அந்த அடையாளத்தை விட்டு விலகியே வாழ்ந்து வருகின்றன. அவர்களாக முன்வந்து பேசினாலன்றி நாம் கேட்பது முறையாகாது எனத் தீர்மானித்து அந்த யோசனை கைவிடப்பட்டது.

மாணவர்களுக்காக ‘ழிசெல்’ இரண்டாம் அங்கத்தின் ஒளிப்பதிவைத் திரையிட்டோம். மின்தடையால் நடுவில் நின்றுபோனாலும், சுல்மே யார் என்று பிள்ளைகள் விடாமல் கேட்டது குறிப்பிடத்தக்கது. கோத்தியேவின் கட்டுரையைப் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழாக்க, புதுச்சேரியில் பிரெஞ்சு கற்பிக்கும் அன்பர் ஒருவர் இசைந்துள்ளார். அச்சுச் செலவுக்கு வரும் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் தொகை ஒதுக்கப் பேரவையின் ஒப்புதலைக் கோருகிறேன். சந்தா நிலுவை வைத்திருப்போர் இக்கூட்டம் முடியுமுன் பொருளாளரிடம் செலுத்திவிட வேண்டுகிறேன். தணிக்கை செய்த கணக்கை அவர் அடுத்துச் சமர்ப்பிப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்