நனைந்த பெட்டியைக் காப்பாற்றியவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

ஃபெஞ்சல் புயல் மழையில் நனைந்துபோன என் பழைய கேம் சிடி பெட்டி பிழைத்துவிட்டது. அதைப் பிழைக்க வைத்தது நீங்கள் எல்லோரும் சேர்ந்துதான். ஆனால் உங்களில் பலர் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. எதிர் வீட்டு அக்காவுக்குக் கடலூர் மீன் வியாபாரி அண்ணனைத் தெரியாது. அண்ணனுக்கு லாஸ்பேட்டை பிரெஞ்சு வாத்தியார் ஐயாவைத் தெரியாது. யார் யார் கைபட்டு எது எது மிஞ்சியது என்று எல்லோருக்கும் தெரியவேண்டும், அதனால்தான் இதைப் பொது மடலாக எழுதுகிறேன்.

2024 நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. கடந்த பிறகும் நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. ரெயின்போ நகரில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது. அக்கா, உங்கள் வீட்டிலும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. அம்மாவை உங்கள் மாடி அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டுத் திரும்பி வந்தீர்கள். "அந்த அட்டைப் பெட்டி முக்கியமா?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லத் தயங்கியதைப் பார்த்து, நீங்களே தலையில் தூக்கிக்கொண்டு படியேறினீர்கள். அடியில் இருந்தவை அதற்குள் ஊறிவிட்டன. மேலே இருந்தவை நனையவே இல்லை. அந்தப் பாதி முழுக்க உங்களால் பிழைத்தது.

அன்றைக்குச் சொல்லாத பதிலை இப்போது சொல்கிறேன். பெட்டியில் இருந்தவை எல்லாம் ஸ்ட்ராட்டஜி கேம்கள், அதாவது படையையும் நாட்டையும் யோசித்து நடத்தும் கணினி ஆட்டங்கள். ஞாயிறு சந்தையில் பொறுக்கியவை, மூடிப்போன பிரவுசிங் சென்டர்களில் வாங்கியவை, பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த சொந்தக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போனவை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் போல ஊரறிந்த கேம் என்றால் நாளைக்கே வேறொன்று கிடைத்துவிடும். இவை அப்படி இல்லை. இவற்றின் பெயரைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, என் வயதுக்காரர்களுக்கே தெரியாது. ஆனால் ஒவ்வொன்றிலும் வேறு யாரும் எடுத்துக்கொண்டு போகாத ஒரு யோசனை இருக்கிறது. அந்த கேமோடு அந்த யோசனையும் போய்விடும்.

பெட்டியில் எனக்கு மிகப் பிடித்தது செவன் கிங்டம்ஸ். ஹாங்காங்கில் என்லைட் நிறுவனத்தை நடத்திய ட்ரெவர் சான் உருவாக்கியது, 1997இல் வந்தது. அதே ஆண்டில்தான் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸும் டோட்டல் அனிஹிலேஷனும் வந்தன. அந்த இரண்டின் நடுவே இது யார் கண்ணிலும் சரியாகப் படவில்லை. வெட்டு குத்து எல்லாம் இதிலும் உண்டு. ஆனால் இதன் உயிர் ஒற்றர்களிடம் இருக்கிறது. நம் ஒற்றனைச் சாதாரணக் குடியானவனாக எதிரியின் ஊருக்குள் அனுப்பலாம். எதிரி அவனைத் தன் ஆள் என்று நம்பிப் படையில் சேர்ப்பான், தளபதியாகக்கூட உயர்த்துவான். அந்த அரசன் செத்து, நம் ஆளே அரியணை ஏறினால், ஒரு அம்பு விடாமல் முழு நாடும் நம் கைக்கு வந்துவிடும்! குடிமக்களுக்கும் விசுவாசம் என்று ஓர் அளவு உண்டு. வேற்று இனத்து ஊரை ஆள வேண்டுமானால் அந்த இனத்துக்காரரையே தளபதியாக வைப்பது நல்லது. 1998இல் வந்த அடுத்த பதிப்பில் எகிப்தியர், ஜூலுக்களோடு முகலாயர்களும் சேர்ந்தார்கள். ஆற்காட்டு நவாபும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஆளுக்கொரு பக்கம் ஆள் பிடித்த இந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு இந்த ஆட்டம் சட்டென்று பிடிபடும் என்பது என் நம்பிக்கை.

அடுத்து மெஜஸ்டி. 2000இல் அமெரிக்காவின் சைபர்லோர் நிறுவனம் செய்தது. இதில் நாம் அரசர், ஆனால் யாருக்கும் நேரடியாகக் கட்டளை போட முடியாது. வீரர்களுக்கான சங்கங்களைக் கட்டலாம், ஒரு பூதத்தின் தலைக்குப் பரிசுத்தொகை அறிவித்துக் கொடி நடலாம். அவ்வளவுதான். போவதும் போகாததும் அவரவர் இஷ்டம். திருடன் காசைப் பார்த்ததும் அதை நோக்கி ஓடுவான். சம்பாதித்த தங்கத்தை அவர்கள் நம் சந்தையில் மருந்தும் கொல்லனிடம் ஆயுதமும் வாங்கிச் செலவழிப்பார்கள், அதை நம் வரி வசூலிப்பவர் திரும்பக் கொண்டுவருவார். ஆள்வதன் பாதி வேலை ஆசை காட்டுவதுதான் என்பதை இவ்வளவு தெளிவாக விளையாட்டாக்கிய வேறொன்றை நான் பார்த்ததில்லை.

சரி, பிழைத்த கதைக்கு வருகிறேன்.

நெல்லித்தோப்பு கணினிக் கடைத் தம்பி, உனக்குத்தான் அடுத்த நன்றி. சேற்றுத் தண்ணீரில் ஊறிய சிடியை எல்லோரும் துணியால் வட்டமாகத் தேய்ப்பார்கள். நீ கையைப் பிடித்துத் தடுத்தாய். நல்ல தண்ணீரில் தேய்க்காமல் அலசி, மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைக்கச் சொன்னாய். தகவல் வட்டப் பாதையில் பதிந்திருப்பதால், குறுக்கே விழும் கீறலை டிரைவ் ஓரளவு சரிசெய்து படித்துவிடும், பாதையோடு ஓடும் கீறலைச் சமாளிப்பது கஷ்டம் என்றாய். படம் அச்சிட்ட பக்கத்தைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும், தகவல் அடுக்கு அதற்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். சிடிக்களை நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்துக் கொடுத்தாய். டோட்டல் அனிஹிலேஷன் சிடியில் ஜெரிமி சோல் அமைத்த இசை ஆடியோ டிராக்காகத் தனியே இருக்கிறது, தகவலை மட்டும் நகலெடுக்கும் வெறும் ஐஎஸ்ஓ எடுத்தால் பாட்டு போய்விடும் என்று தனியாக எடுத்துவைத்தாயே, அதை மறக்க மாட்டேன். புது சிஸ்டங்களில் 64 பிட் விண்டோஸ் இருப்பதால் அந்தக் காலத்து 16 பிட் இன்ஸ்டாலர்கள் ஓடாது. அதற்கென்று ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி சிஸ்டத்தைத் தூசி தட்டி ஓட வைத்துக் கொடுத்ததற்கும் நீ ஒரு ரூபாய் வாங்கவில்லை.

சிடியாவது பரவாயில்லை. கையேடுகள்தான் என்னை அழ வைத்தன. அந்த நாளில் கேம் பெட்டிக்குள் தடிமனான புத்தகம் வரும். விதிகள், படைகளின் பட்டியல், வரைபடம் எல்லாம் அதில்தான். வழவழப்பான தாள் நனைந்து அப்படியே காய்ந்தால் பக்கங்கள் பலகை போல ஒட்டிக்கொள்ளும். ஈரமாகவே வைத்தால் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை வந்துவிடும். உறைய வைத்தால் பூஞ்சை நிற்கும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பிரிக்கலாம் என்று படித்திருந்தேன். ஆனால் எங்கள் தெருவில் கரண்ட்டே இல்லை.

கடலூர் முதுநகர் அண்ணே, தென்பெண்ணை பெருக்கெடுத்து உங்கள் ஊரே தத்தளித்த வாரம் அது. ரோடு திறந்ததும் நான் போன் செய்தேன். எதற்கு, ஏன் என்று எதுவும் கேட்காமல் "கொண்டாப்பா" என்றீர்கள். ஜெனரேட்டரில் ஓடிய உங்கள் ஃப்ரீசரில், வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் மேல் ஒரு தட்டைக் காலி செய்து, பிளாஸ்டிக் பையில் கட்டிய என் புத்தகங்களை வைத்தீர்கள். வியாபாரம் படுத்துக் கிடந்த நேரத்தில் அந்த இடத்துக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும். வாரக்கணக்கில் அவை அங்கேயே இருந்தன. ஒருமுறைகூட எப்போது எடுப்பாய் என்று நீங்கள் கேட்கவில்லை.

பிறகு அவற்றை இரண்டிரண்டாக எடுத்துவந்து, பக்கத்துக்குப் பக்கம் உறிஞ்சு தாள் வைத்துப் பிரித்துக் கொடுத்தவர் முத்தியால்பேட்டை ஜெராக்ஸ் கடை ஐயா. உங்கள் விரல்களுக்கு இருக்கும் பொறுமை எனக்கு வராது, ஐயா. ஸ்கேன் செய்து, பைண்டிங்கும் போட்டுக் கொடுத்தீர்கள்.

இப்போது வாத்தியார் ஐயாவுக்கு. சொல்தா (பிரெஞ்சு ராணுவ) குடும்பத்து மாமா ஒருவர் பாரிசிலிருந்து கொண்டுவந்த டியூன் இந்தப் பெட்டியில் இருந்தது. 1992இல் கிரையோ என்ற பிரெஞ்சு நிறுவனம் செய்தது. அதே ஆண்டு, அதே வெளியீட்டாளர் வெஸ்ட்வுட் நிறுவனத்தின் டியூன் 2ஐயும் வெளியிட்டார். பெயரில் இரண்டு இருந்தாலும் அது இதன் தொடர்ச்சி இல்லை, முற்றிலும் வேறு ஆட்டம். பின்னாளில் வந்த, முறை வைக்காமல் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆடும் ரியல் டைம் ஸ்ட்ராட்டஜி கேம்கள் எல்லாம் அதன் வழியில் போயின, அதனால் உலகம் அதை நினைவில் வைத்துக்கொண்டது. முதலாவது ஒதுங்கிப்போனது. ஆனால் அந்த முதலாவதில்தான், பாலைவன மக்களின் தலைவர்களை ஒவ்வொருவராக நேரில் பார்த்துப் பேசி நம் பக்கம் சேர்க்க வேண்டும். ஒரு கூட்டத்தை ஸ்பைஸ் என்ற அரிய பொருளை எடுக்க அனுப்பலாம், இன்னொன்றைப் போருக்குப் பழக்கலாம், வேறொன்றை மரம் வளர்க்க வைக்கலாம். பேரரசர் கேட்கும் ஸ்பைஸை அவ்வப்போது கட்டியாக வேண்டும். பசுமை பரவினால் எதிரி பின்வாங்குவான், கூடவே அந்த இடத்தில் ஸ்பைஸும் அழிந்துவிடும். எதை எப்போது விட்டுக்கொடுப்பது என்பதுதான் முழு ஆட்டமும்.

அது பிரெஞ்சில் இருந்ததால் இத்தனை வருடமாக நான் அரைகுறையாகத்தான் விளையாடினேன். ஐயா, கையேட்டை மட்டும் படித்துச் சொன்னால் போதும் என்றுதான் உங்களிடம் வந்தேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் வரும் ஒவ்வொரு உரையாடலையும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். பேரரசருக்குக் கட்டவேண்டிய தவணை வந்தபோது, "இவன் வரி கேட்கிற தோரணையைப் பார்" என்று உங்களுக்கே கோபம் வந்தது. எழுபது வயதுக்கு மேல் கண் வலிக்க வலிக்க நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்த அந்த மொழிபெயர்ப்பு, எனக்குத் தெரிந்து இந்த கேமுக்குத் தமிழில் இருக்கும் ஒரே கையேடு.

கல்லூரித் தம்பி தங்கைகளே, உங்களில் ஒருவர் கொண்டுவந்தது அரசு கொடுத்த பழைய இலவச லேப்டாப். அதில் வார்ஸோன் 2100 ஓடியதைப் பார்த்து அசந்தீர்கள். 1999இல் பிரிட்டனின் பம்ப்கின் ஸ்டூடியோஸ் செய்தது அது. அந்த நிறுவனம் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனால் 2004 டிசம்பரில் அதன் மூல நிரலை யாரும் எடுத்துத் திருத்தும்படி திறந்து கொடுத்தார்கள், அன்றிலிருந்து ரசிகர்களே அதைப் பராமரித்து இலவசமாகக் கொடுத்துவருகிறார்கள். செவன் கிங்டம்ஸின் நிரலையும் என்லைட் 2009இல் திறந்துவிட்டது. பெட்டியில் இருப்பதில் இந்த இரண்டைப் பற்றி மட்டும் எனக்குக் கவலை இல்லை. நிரல் திறந்திருந்தால் எந்த வெள்ளமும் அதை அடித்துக்கொண்டு போக முடியாது. மற்ற முதலாளிகளும் இதைச் செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பெட்டியில் இல்லாத ஒன்றையும் நீங்கள்தான் எனக்குக் காட்டினீர்கள். 1983இல் டேனி பன்டனும் அவர் குழுவும் அடாரி கணினிக்குச் செய்த மியூல். பெயர் மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் மென்பொருளில் ஓட வைத்து, நான்கு பேரை உட்கார வைத்தீர்கள். ஒரு புதிய கிரகத்தில் நிலம் எடுத்து, உணவும் மின்சாரமும் தாதுவும் விளைவித்து, ஏலத்தில் விற்கும் ஆட்டம். வாங்குபவர் கீழிருந்து மேலே நகர்வார், விற்பவர் மேலிருந்து கீழே இறங்குவார், இருவரும் சந்திக்கும் இடம்தான் விலை. அன்றைக்குப் புத்தகங்களைக் கொடுக்க வந்திருந்த முதுநகர் அண்ணன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவரே உட்கார்ந்துவிட்டார். விதியை யாரும் அவருக்குச் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. துறைமுகத்தில் விடியற்காலையில் நடக்கும் மீன் ஏலம் போலத்தான் இருந்தது அவருக்கு. உணவுத் தட்டுப்பாடு வந்த சுற்றில் தன் சரக்கைப் பிடித்துவைத்து விலையை ஏற்றினார். ஆனால் கடைசியில் இருந்த பையனுக்குக் கொஞ்சம் குறைத்தே கொடுத்தார். "எல்லாரும் செத்துட்டா யாருகிட்ட விப்பேன்?" என்றார். ஆட்டம் முடியும்போது தனித்தனிக் கணக்கோடு, குடியேற்றம் முழுவதும் எப்படித் தேறியது என்றும் மியூல் சொல்லும். 1983லேயே அதை யோசித்திருக்கிறார்கள்! டேனி பன்டன் 1998இல் இறந்துவிட்டார். இன்னும் நிறைய பேருக்கு அவர் பெயர் தெரியவேண்டும்.

இப்போது எல்லா சிடிக்கும் நகல் இருக்கிறது, அதுவும் இரண்டு இடங்களில். ஒன்று அக்கா வீட்டு மாடியில், ஒன்று கடலூரில் அண்ணன் வீட்டில். ஒட்டிப்போன இரண்டு கையேடுகளை மட்டும் பிரிக்க முடியவில்லை. அந்த எக்ஸ்பி சிஸ்டம் தம்பியின் கடை பின்கட்டில் இருக்கிறது, ஞாயிறு மதியம் யார் வேண்டுமானாலும் வந்து விளையாடலாம். பரண்மேல் பழைய கேம் பெட்டி வைத்திருப்பவர்கள் ஐப்பசி மழைக்கு முன்னால் கொண்டுவாருங்கள், தம்பி நகல் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். வாத்தியார் ஐயா, டியூனில் நாம் நிறுத்திய இடம் அப்படியே சேவ் ஆகியிருக்கிறது. பேரரசரின் அடுத்த தவணை நெருங்குகிறது, சீக்கிரம் வாருங்கள்.

நன்றியுடன்,
ரெயின்போ நகர், புதுச்சேரி